அந்த ஆறு பேர் யார்?

கேள்வி: தென்மாவட்டத்தில் 150 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் நான் செவிலியர் கண்காணிப்பாளர். வயது 49, சர்வீஸ் 26 வருடம். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் மருத்துவமனையில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். இன்றுவரை சிஸ்டர்கள் முதலில் தாளில் எழுதிக்கொண்டு, விடியற்காலையில் மொத்தமாக எண்ட்ரி போடுகிறார்கள். இப்போது ஆறு பேரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும், இனி டிஜிட்டல் மாற்றங்களை அவர்களே முன்னின்று நடத்த வேண்டும் என்று நிர்வாகம் என்னிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறது. சாஃப்ட்வேர் கம்பெனி இரண்டு நாள் வகுப்பு எடுக்கத் தயார். ஐ.டி. பிரிவில் இருக்கும் தம்பி, போனை வேகமாகக் கையாளத் தெரிந்த சின்னப் பிள்ளைகளைக் கொடுங்கள் என்கிறார். யாரை எடுப்பது? என்ன சொல்லிக்கொடுப்பது? எனக்கே எக்செல் ஷீட் ஒழுங்காகப் போடத் தெரியாது. இதற்கு நான் ஏற்ற ஆளா?

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

தாளில் எழுதிக்கொண்டு விடியற்காலையில் எண்ட்ரி போடுகிறார்கள் என்ற வரியை நீங்கள் கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றியது. கூச்சப்பட ஒன்றுமில்லை. உங்கள் பயிற்சிக்குப் பாடப்புத்தகமே அந்தத் தாள்தான்.

நானும் ஸ்டாஃப் நர்ஸாகத் தொடங்கியவள். பதினோரு வருடம் வார்டில் இருந்துவிட்டு மருத்துவமனை மென்பொருள் வேலைக்கு வந்தேன். சில வருடத்துக்கு முன் உங்களுடையதைப் போன்ற ஒரு மருத்துவமனையில், ஆண்கள் மெடிக்கல் வார்டில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். அங்கே 28 நோயாளிகளுக்கும் பி.பி., பல்ஸ், டெம்பரேச்சர் எல்லாம் காலை 5.10-க்கும் 5.30-க்கும் நடுவில் எடுத்ததாகக் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்தது. ராத்திரி டூட்டியில் யாரும் எதையும் பார்ப்பதில்லை, பொய் எண்ட்ரி போடுகிறார்கள் என்று நிர்வாகம் முடிவுகட்டி, மெமோவும் தயார் செய்துவிட்டது.

அன்று டூட்டியில் இருந்த சிஸ்டர் கிளவுஸ் பெட்டியின் அட்டையைக் கிழித்து கோட் பாக்கெட்டில் வைத்திருந்தார். இடது ஓரத்தில் கட்டில் எண், பக்கத்தில் பி.பி., அதற்கு அடுத்து ஆக்சிஜன் அளவு. பத்து மணி, இரண்டு மணி, ஐந்து மணி என்று மூன்று பத்திகள். 17-ஆம் கட்டில் பெரியவருக்கு இரண்டு மணிக்கு ஆக்சிஜன் 91-க்கு இறங்கியிருந்தது. அதை வட்டம் போட்டு, ‘டி.டி. இன்ஃபார்ம்டு 2.15’, அதாவது 2.15-க்கு டூட்டி டாக்டரிடம் சொல்லியாயிற்று, என்று எழுதியிருந்தார். டூட்டி டாக்டரும் வந்து பார்த்திருந்தார். செய்ய வேண்டியது எல்லாமே நடந்திருந்தது. ஆனால் காலை ரவுண்ட்ஸில் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்த பெரிய டாக்டருக்கு, அந்தப் பெரியவர் ராத்திரி மூச்சுக்குத் திணறியது தெரியவே இல்லை. அட்டை அதற்குள் குப்பைக்கூடைக்குப் போய்விட்டது.

உடனுக்குடன் ஏன் பதியவில்லை என்று சிஸ்டரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வார்டுக்கு ஒரே கம்ப்யூட்டர், அதுவும் நர்ஸிங் ஸ்டேஷனில். கடைசிக் கட்டிலிலிருந்து நாற்பது எட்டு நடக்க வேண்டும். மூன்று நிமிடம் தொடாமல் விட்டால் லாகின் போய்விடும். பி.பி. பதியும் திரையில் ‘உணவு வகை’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் சேமிக்க முடியாது. ராத்திரி இரண்டு மணிக்கு, 28 பேருக்கும், ஒவ்வொரு முறையும்! அந்தக் கட்டத்தைக் கட்டாயமில்லை என்று மாற்ற சாஃப்ட்வேர் கம்பெனிக்கு அரை மணி நேரம்தான் ஆனது. மூன்று வருடமாக யாரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று அந்த சிஸ்டருக்கு யாரும் சொல்லியிருக்கவுமில்லை.

உங்கள் ஆறு பேரும் செய்ய வேண்டிய வேலை இதுதான். எந்தப் பட்டனை எங்கே அழுத்துவது என்பதை இரண்டு நாள் வகுப்பில் கம்பெனிக்காரர்களே சொல்லித் தந்துவிடுவார்கள். அந்த வகுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘இந்தத் திரை எங்கள் வேலைக்குப் பொருந்தவில்லை, இப்படி மாற்றிக்கொடுங்கள்’ என்று காரணத்தோடு கேட்கிற தைரியத்தை எந்தக் கம்பெனியும் சொல்லித் தராது. அதை நீங்கள்தான் வளர்க்க வேண்டும்.

இது வசதிக்கான விஷயம் மட்டும் இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் 2002-இல், டாக்டர்கள் மருந்து எழுதுவதை ஒரே வாரத்துக்குள் முழுக்கக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். வேறு மருத்துவமனைகளிலிருந்து அவசரமாக அனுப்பப்பட்டு வந்த குழந்தைகளில் இறந்தவர்களின் விகிதம், முன்பு 2.80 சதவீதமாக இருந்தது மாற்றத்துக்குப் பின் 6.57 ஆனதாக, அங்குள்ள டாக்டர்களே 2005-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அந்த ஆய்வின் முறையைப் பற்றி விவாதங்கள் உண்டு. ஆனால் அவர்கள் சொன்ன காரணங்களை வார்டில் வேலை பார்த்த யாரும் உடனே புரிந்துகொள்வார்கள். முன்பெல்லாம் ஆம்புலன்ஸ் வழியில் இருக்கும்போதே குழந்தையின் எடையைக் கேட்டு, மருந்தை எழுதி, தயாராக எடுத்து வைத்துவிடுவார்கள். புதிய முறையில், குழந்தை வந்து சேர்ந்து பதிவாகும்வரை ஆர்டர் போட முடியாது. ஐ.சி.யூ.விலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மருந்துகள் சென்ட்ரல் ஃபார்மசிக்குப் போயின. கட்டில் பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் நின்றார்கள்.

பிறகு சியாட்டில் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் அதே கம்பெனியின் அதே மென்பொருளைப் போட்டார்கள். அங்கே இறப்பு கூடவில்லை. ஐ.சி.யூ.வில் அடிக்கடி தேவைப்படும் ஆர்டர்களை அங்கே வேலை செய்பவர்களோடு உட்கார்ந்து முன்கூட்டியே தொகுத்து, திரைகளைத் தயார் செய்துவிட்டுத்தான் தொடங்கினார்கள். அவர்களின் கட்டுரை 2006-இல் வந்தது. இந்த இரண்டு ஊர்க் கதையையும் உங்கள் நிர்வாக இயக்குநரிடம் (எம்.டி.) சொல்லுங்கள். ஆறு பேருக்குப் பயிற்சி எதற்கு, செலவு எதற்கு என்று பிறகு கேட்க மாட்டார்.

இப்போது ஆள் எடுப்பதற்கு வருகிறேன். ஐ.டி. தம்பி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அவர் சொன்னபடி செய்யாதீர்கள். போனில் வேகமாக விரல் ஓடுகிற பிள்ளை ஒருவர் இருக்கட்டும், உதவியாக இருக்கும். மற்ற ஐந்து பேரை வேறு விதமாகத் தேடுங்கள். மீட்டிங்கில் இந்த சாஃப்ட்வேரைப் பற்றி அதிகமாகக் குறை சொல்பவர் யார்? அவரை முதலில் எடுங்கள். குறை சொல்பவருக்கு வேலை எப்படி நடக்க வேண்டும் என்ற தெளிவு மனதில் இருக்கிறது. அது கெடுவதால்தான் கோபப்படுகிறார். ராத்திரி ஷிப்டில் ஒரு சந்தேகம் வந்தால் மற்ற வார்டு சிஸ்டர்கள் யாருக்குப் போன் போடுகிறார்கள்? ஒவ்வொரு மருத்துவமனையிலும் அப்படி ஒருவர் இருப்பார், பதவி எதுவும் இருக்காது. அவரை எடுங்கள். எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த மாணவி 54 வயது லேபர் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர். முதல் நாள் மவுஸைத் தொட மாட்டேன் என்றார். ‘பிரசவம் முடிந்து பிளேசென்டா வருவதற்குள் இத்தனை திரை கேட்டால் தாயை யார் பார்ப்பது?’ என்று அவர் போட்ட சண்டையில்தான், அங்கே பிரசவப் பதிவு ஒரே திரையாகச் சுருங்கியது.

ஆறு பேரும் செவிலியராக இருக்க வேண்டாம். ஃபார்மசியிலிருந்து ஒருவர், லேபிலிருந்து ஒருவர் கட்டாயம். ஒரு டூட்டி டாக்டரையும் கேட்டு வாங்குங்கள். டாக்டர் இல்லாத குழு ஒரு மருந்துத் திரையைக்கூட மாற்ற முடியாது. அவருக்கு நேரமில்லை என்பார்கள். வாரம் ஒரு மணி நேரமாவது வேண்டும் என்று விடாமல் கேளுங்கள்.

என்ன சொல்லிக்கொடுப்பது என்று கேட்டீர்கள். முதல் பாடத்துக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். சுவரில் ஒரு சார்ட் தாளை ஒட்டி, ஒரு நோயாளி அட்மிஷனிலிருந்து டிஸ்சார்ஜ் வரை எந்தெந்தக் கையைக் கடந்து போகிறார், எங்கே காத்திருக்கிறார், எங்கே ஒரே விவரத்தை மூன்று பேர் எழுதுகிறார்கள் என்று ஆறு பேரும் சேர்ந்து வரையட்டும். ஒரு முழு நாள் ஆகும். டிஸ்சார்ஜ் என்று எழுதியபின் நோயாளி வீட்டுக்குப் போக ஏன் ஐந்து மணி நேரம் ஆகிறது என்பது அன்றைக்குத்தான் ஃபார்மசிக்காரருக்கும் சிஸ்டருக்கும் ஒரே நேரத்தில் புரியும். அதுவரை ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். இந்தத் தாளை யாரும் கிழித்துப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சி முடியும்வரை அது சுவரிலேயே இருக்கட்டும்.

அடுத்தது எண்ணிப் பார்க்கிற பழக்கம். பெரிய புள்ளியியல் ஒன்றும் வேண்டாம். ஒரு ஷிப்டில் இருபது பி.பி. பதிவுகளை எடுத்து, தாளில் எழுதிய நேரத்துக்கும் கம்ப்யூட்டரில் ஏறிய நேரத்துக்கும் எத்தனை நிமிட வித்தியாசம் என்று எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாற்றம் செய்தபின் மறுபடி இருபது. நாம் பேசும்போது ‘சிஸ்டர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது’ என்றால் நிர்வாகம் கேட்டுக்கொண்டு விட்டுவிடும். ‘சராசரியாக மூன்று மணி நேரம் தாமதம்’ என்றால் பேனாவை எடுக்கும்.

மூன்றாவது பாடத்துக்கு ஒரு உண்மைச் சம்பவத்தைத் தருகிறேன், நான் எல்லா வகுப்பிலும் இதைச் சொல்வேன். 2013-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில், 16 வயதுப் பையனுக்கு வழக்கமாகக் கொடுக்கும் செப்ட்ரா என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை ஒன்று தர வேண்டும். டாக்டர் 160 மில்லிகிராம் என்று நினைத்து 160 என்று டைப் செய்தார். பையனின் எடை 40 கிலோவுக்குக் குறைவு என்பதால், அந்தத் திரை கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் இருந்தது. எடை 38.6 கிலோ. கம்ப்யூட்டர் பெருக்கி, முப்பத்தெட்டரை மாத்திரை என்று ஆர்டர் போட்டது. எச்சரிக்கை வந்தது. ஆனால் நாள் முழுக்க வருகிற எச்சரிக்கைகளில் அதுவும் ஒன்று. டாக்டரும் தாண்டிப் போனார், பார்மசிஸ்டும் தாண்டிப் போனார். மாத்திரைகளைப் பொட்டலம் கட்டியது ரோபோ, அதற்குச் சந்தேகம் வராது. கடைசியாக மாத்திரைகள் வந்து சேர்ந்தது வேறு வார்டிலிருந்து அன்றைக்கு மட்டும் அங்கே டூட்டிக்கு வந்த ஒரு நர்ஸின் கையில். இத்தனை மாத்திரையா என்று அவருக்குத் தோன்றியது. பார்கோடை ஸ்கேன் செய்து பார்த்தார். சரி என்று காட்டியது. கொடுத்துவிட்டார். பையனுக்கு வலிப்பு வந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டான்.

இதை வகுப்பில் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த நர்ஸின் இடத்தில் நீங்கள் இருந்து, நள்ளிரவில் டாக்டருக்குப் போன் போட்டு ‘சார், இது தப்பாகத் தெரிகிறது’ என்று சொன்னால், நம் மருத்துவமனையில் என்ன பதில் வரும்? அமைதியாக இருந்தால் விடாதீர்கள். அந்த அமைதி எதனால் என்பதைப் பேசித் தீர்க்காமல், எத்தனை லட்சம் போட்டு சாஃப்ட்வேர் வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை. என் மனதில் இந்தப் பயிற்சியின் மையமே அந்த ஒரு மணி நேரம்தான். பட்டன், லாகின், ரிப்போர்ட் எல்லாம் அதற்குப் பிறகு.

நோயாளி விவரங்களின் ரகசியம் பற்றியும் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒரே பாஸ்வேர்டை வார்டு முழுக்க உபயோகிப்பதும், லேப் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதும் எல்லா இடத்திலும் நடக்கிறது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. திட்டிச் சொன்னால் ஒளித்துச் செய்வார்கள். டாக்டருக்கு ரிப்போர்ட்டைச் சீக்கிரம் காட்ட வேறு வழி இல்லாததால்தான் வாட்ஸ்அப் என்பதை ஒப்புக்கொண்டு, அந்த வழியை உண்டாக்குவதையும் ஆறு பேர் வேலையில் சேர்த்துவிடுங்கள். அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்குக்கான 14 இலக்க ஆபா எண் என்றால் என்ன, நோயாளி கேட்டால் எப்படிச் சொல்வது என்பதற்கு ஒரு மணி நேரம் போதும். மருத்துவமனைகளுக்கான டிஜிட்டல் தரநிலைகளை, மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் அமைப்பான என்.ஏ.பி.எச். 2023-இல் வெளியிட்டிருக்கிறது. உங்கள் நிர்வாகம் இப்போது இதில் அக்கறை காட்டுவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அந்த ஆவணத்தை வாங்கி ஒரு பிரதி நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள், நிர்வாகத்திடம் எதையாவது கேட்கும்போது கை கொடுக்கும்.

நேரம் எங்கிருந்து வரும்? இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், சிஸ்டர். டூட்டி முடிந்தபின் உட்காரச் சொல்லி நடத்துகிற பயிற்சி மூன்றாவது வாரம் நின்றுவிடும். அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். எட்டு பேரோடு தொடங்கி, கடைசியில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போன இரண்டு பேரோடு முடிந்தது. அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. வீட்டில் குழந்தை காத்திருக்கும். ரோஸ்டரிலேயே வாரம் நான்கு மணி நேரம் ‘டிஜிட்டல் டூட்டி’ என்று எழுதி, அந்த நேரத்துக்கு வார்டில் மாற்று ஆள் போட வேண்டும். ஆறு மாதத்துக்காவது.

இங்கிலாந்தில் அரசு மருத்துவ சேவை (என்.எச்.எஸ்.) முழுவதையும் கம்ப்யூட்டருக்கு மாற்ற 2002-இல் ஒரு பெரும் திட்டம் தொடங்கினார்கள். 2011-இல் அதைக் கலைப்பதாக அறிவித்தார்கள். மொத்தச் செலவு ஏறத்தாழ ஆயிரம் கோடி பவுண்டு என்று பிறகு கணக்கிட்டார்கள். மேலேயிருந்து இறக்கிய திட்டம், வேலை செய்கிறவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்ற குறை பரவலாகச் சொல்லப்பட்டது. அடுத்து என்ன செய்வது என்று அமெரிக்க டாக்டர் ராபர்ட் வாக்டர் தலைமையில் குழு போட்டார்கள். 2016-இல் வந்த அதன் அறிக்கை, நோயாளியைப் பார்க்கிறவர்களிலிருந்தே இந்த வேலைக்கு ஆட்களைத் தயார் செய்யுங்கள் என்று அழுத்திச் சொன்னது. 2018-இல் என்.எச்.எஸ். டிஜிட்டல் அகாடமி தொடங்கியது. டாக்டர், செவிலியர், ஐ.டி. ஆட்கள் எல்லோரும் வேலையில் இருந்துகொண்டே அங்கே ஒன்றாகப் படித்தார்கள். பிறகு வந்த டோபோல் பெல்லோஷிப் என்ற பயிற்சித் திட்டத்தில், ஒவ்வொருவரும் தன் மருத்துவமனைப் பிரச்சினை ஒன்றை எடுத்துத் தீர்க்க, வேலை நேரத்திலேயே தனியாக நேரம் ஒதுக்கித் தருகிறார்கள். அவ்வளவு பணத்தை இழந்து அவர்கள் கற்றதை நாம் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, நீங்கள் ஏற்ற ஆளா என்ற கேள்வி. நாம் படித்த காலத்தில் இதெல்லாம் பாடத்திலேயே இல்லை. பி.எஸ்சி. நர்ஸிங்கில் ஹெல்த் இன்ஃபர்மாடிக்ஸ், அதாவது மருத்துவத் தகவல்களைக் கம்ப்யூட்டரில் கையாளும் படிப்பு, தனிப் பாடமாக வந்ததே 2021-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில்தான். தெரியாதது உங்கள் குறை இல்லை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. கிராமத்துப் பெண் பிள்ளைகளைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் எடுத்து, இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, கண் மருத்துவப் பணியாளர்களாக ஆக்குகிறார்கள். 2004-க்குப் பிறகு சின்ன ஊர்களில் விஷன் சென்டர் திறந்தபோது, கண்ணைப் பரிசோதித்துப் படம் எடுத்து, வீடியோ வழியாக டாக்டரோடு நோயாளியைப் பேச வைத்தவர்கள் இப்படிப் பயிற்சி பெற்றவர்கள்தான். தேனிப் பக்கத்தில் அதற்கான நீண்ட தூர வைஃபை இணைப்பை பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமைத்துக்கொடுத்தார்கள். மின்சாரம் ஏறி இறங்கியதில் கருவிகள் அடிக்கடி பழுதாயின. உள்ளூர் ஆட்களுக்கே பழுது பார்க்கச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் அது நிலைத்தது. வீடியோவில் டாக்டரோடு நோயாளியைப் பேச வைத்த அந்தப் பிள்ளைகளில் யாரும் கம்ப்யூட்டர் என்ஜினீயர் இல்லை.

26 வருடத்தில் எந்த டாக்டர் எப்படி ஆர்டர் எழுதுவார், எந்த வார்டில் எந்த நேரம் மூச்சு முட்டும், எந்த சிஸ்டருக்கு எதைச் சொன்னால் பிடிக்கும் என்பது உங்களுக்கு அத்துபடி. எக்செல் கற்க நான்கு ஞாயிற்றுக்கிழமை போதும். அந்தச் சின்னப் பிள்ளையிடமே கற்றுக்கொள்ளுங்கள், எல்லோர் முன்னாலும். மேட்ரன் அம்மாவே கேட்டுக் கற்கிறார் என்று பார்த்தால், தெரியாது என்று சொல்ல மற்றவர்களுக்கும் பயம் போகும்.

எம்.டி.யிடம் போகும்போது மூன்று உறுதி கேட்டு வாங்குங்கள். ரோஸ்டரில் நேரம் ஒன்று. கம்பெனிக்காரர்கள் வரும் ஒவ்வொரு கூட்டத்திலும் உங்கள் ஆறு பேரில் இருவர் உட்கார வேண்டும், அவர்கள் சம்மதிக்காமல் எந்தப் புதிய திரையும் வார்டுக்கு வரக் கூடாது என்பது இரண்டு. தாளில் எழுதியதற்காக யாருக்கும் மெமோ கிடையாது என்பது மூன்று. மூன்றாவதை எழுத்தில் வாங்குங்கள். அது இல்லாவிட்டால் ஒரு சிஸ்டரும் பாக்கெட்டில் இருப்பதை உங்களிடம் காட்ட மாட்டார்.

முதல் வேலையாக டிஸ்சார்ஜ் சம்மரியை எடுக்காதீர்கள். அதில் டாக்டர், பில்லிங், இன்ஷூரன்ஸ் எல்லோரும் இருக்கிறார்கள், ஆறு மாதம் இழுத்து ஆளைச் சோர வைத்துவிடும். பி.பி. பதியும் திரையை எடுங்கள், ஒரே வார்டில். இந்த வாரம் ஏதாவது ஒரு நாள் ராத்திரி டூட்டியில், யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நீங்களே போய் உட்காருங்கள். அவர்கள் தாளில் எழுதும்போது ஒன்றும் சொல்லாதீர்கள். காலை ஆறு மணிக்கு, தூக்கிப் போடுவதற்கு முன், அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகுப்புக்கு அதைக் கொண்டு போங்கள்.